முற்றத்தில் ரீச்சருக்கு என்ன வேலை? முன்பள்ளிப் பிள்ளைகளின் வெளி விளையாட்டுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

புதிதாக வேலைக்கு வந்த உதவி ரீச்சர் ஒருவர் முதல் நாளே என்னிடம் கேட்டார்: "பிள்ளைகள் வெளியில விளையாடேக்க நான் என்ன செய்யிறது அக்கா?" வகுப்புக்குள் என்ன செய்வது என்று டிப்ளோமாவில் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார். பாட்டு, கதை, வர்ணம் தீட்டல் எல்லாவற்றுக்கும் கையில் திட்டம் இருந்தது. முற்றத்துக்கு மட்டும் ஒன்றும் இல்லை.

நியாயமான கேள்வி. கொழும்பில் நான் பார்த்த பல நேர்சரிகளில் அது ரீச்சர்மாரின் பிளேன்ரீ நேரம். இல்லாவிட்டால் வாசற்படியில் நின்று "ஓடாதீங்கோ, விழுவீங்கள்", "மண்ணைத் தொடாதீங்கோ" என்று கத்துகிற நேரம். முதலாவது ஒரேயடியாக விட்டுவிடுவது, இரண்டாவது ஒரேயடியாகப் பிடித்து வைப்பது. ரீச்சரின் உண்மையான வேலை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அதில் பெரும்பகுதி பிள்ளைகள் வெளியே வருவதற்கு முன்பே முடிந்துவிடும். மிச்சத்தில் பாதி, சும்மா நிற்கப் பழகுவது. சும்மா நிற்பதுதான் கஷ்டம். எனக்கு அது கைவர நாலைந்து வருடம் எடுத்தது.

நான் இங்கே சுதந்திர விளையாட்டு என்று சொல்வது, என்ன விளையாடுவது, யாரோடு, எப்படி, எப்போது நிறுத்துவது என்பதையெல்லாம் பிள்ளையே தீர்மானிக்கிற விளையாட்டை. விசில் ஊதி வரிசையில் ஓடவிடுவது உடற்பயிற்சி. அதுவும் நல்லதுதான், ஆனால் அது வேறு. விளையாட்டுப் போட்டிக்குப் பழக்குவது இன்னும் வேறு.

எங்கள் முற்றம் பெரியதில்லை. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், பழைய வீடு. கார் நிறுத்துகிற இடமும் பக்கவாட்டுச் சந்தும் ஒரு கொய்யா மரமும் சேர்ந்ததுதான் எங்கள் மைதானம். கீழே எழுதுவதெல்லாம் அந்த அளவு இடத்தில் செய்து பார்த்தவை.

முதல் படி: நேரத்தை ஒதுக்குங்கள், மிஞ்சியதைக் கொடுக்காதீர்கள்

காலை எட்டரைக்குத் தொடங்கி பதினொன்றரைக்கு முடிகிற நேர்சரியில் விளையாட்டு எங்கே போகும்? வழக்கமாகக் கடைசி 15 நிமிடத்துக்குப் போகும். அம்மாமார் கேற்றில் வந்து நிற்பார்கள், வெயில் தலைக்கு மேலே நிற்கும், பிள்ளைக்குப் பசி வந்திருக்கும். அந்த 15 நிமிடத்தில் சண்டையைத் தவிர வேறொன்றும் நடக்காது.

தொடர்ச்சியாக 45 நிமிடமாவது கொடுங்கள். முதல் பத்து, பதினைந்து நிமிடம் பிள்ளைகள் அங்குமிங்கும் அலைவார்கள். யார் இருக்கிறார், என்ன கிடக்கிறது என்று பார்ப்பார்கள். கதையுள்ள விளையாட்டு அதற்குப் பிறகுதான் முளைக்கும். அது முளைக்கிற நேரத்தில் மணி அடித்தால், அலைந்தது மட்டுந்தான் மிச்சம்.

நாங்கள் எட்டே முக்காலுக்கு வெளியே விட்டு ஒன்பதரை தாண்டித்தான் உள்ளே எடுக்கிறோம். பத்து மணிக்குப் பிறகு கொழும்பு வெயில் சின்னப் பிள்ளைகளுக்கு உகந்ததல்ல. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, 3, 4 வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் குறைந்தது 180 நிமிடம் உடலை அசைத்து இயங்க வேண்டும். அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்குகிற அளவுக்கு. ஃபிளாட்டில் வளர்கிற பிள்ளைக்கு வீட்டில் அந்த 60 நிமிடம் கிடைக்கும் என்று நினைக்கிறீர்களா?

இரண்டாம் படி: பிள்ளைகள் வருவதற்கு முன் முற்றத்தைக் குந்தியிருந்து பாருங்கள்

நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது. பிள்ளையின் கண் உயரத்துக்குக் குந்தினால்தான் வாங்கிலின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி தெரியும். பத்து நிமிடம் போதும்.

கேற்றின் கொளுக்கி போட்டிருக்கிறதா? கொழும்பு வீடுகளில் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி இருக்கும். அதன் மூடி ஆடுகிறதா? மண் தொட்டிக்குள் இரவில் பூனை வந்ததா? (வரும். பொலித்தீன் விரித்து மூடி வையுங்கள், நாலு கல்லும் வையுங்கள்.) வெயிலில் கிடக்கிற சறுக்கை உங்கள் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் பிள்ளையின் தொடைக்கு இன்னும் சுடும். கொய்யா இலையில் மயிர்க்கொட்டி இருக்கிறதா, மரத்தில் முசுறு கூடு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

செடிகளை ஒருமுறை கணக்கெடுங்கள். மஞ்சள் அலரியை அழகுக்காக நட்டிருப்பார்கள். அதன் விதை இதயத்தைப் பாதிக்கிற நஞ்சு, எங்கள் நாட்டில் அதனால் போன உயிர்கள் கொஞ்சமல்ல. செவ்வலரியும் நஞ்சுதான். குன்றிமணியையும் ஆமணக்கையும் விளையாட்டுச் சாமானுக்குள் சேர்க்காதீர்கள், எவ்வளவு வடிவாக இருந்தாலும்.

அப்புறம் டெங்கு. 2017இல் இலங்கையில் 1,80,000க்கும் மேற்பட்டோர் டெங்குச் சந்தேக நோயாளராகப் பதிவானார்கள். அந்த வருடத்தை மறந்த ரீச்சர் கொழும்பில் இருக்க மாட்டார். ஈடிஸ் நுளம்பு பகலில் கடிப்பது. முட்டையிலிருந்து நுளம்பாக வர அதற்கு ஒரு கிழமை, பத்து நாள் போதும். ஆகவே கிழமைக்கு ஒருமுறை தண்ணீர் நிற்கிற எல்லாவற்றையும் கவிழ்க்க வேண்டும். கவிழ்த்தால் மட்டும் போதாது, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்தாலும் உயிரோடு கிடக்கும். ரயர் வைத்திருந்தால் கீழ்ப்பக்கம் நாலைந்து ஓட்டை போட்டு வையுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருவார் என்ற பயத்தில் ரயர், சிரட்டை எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்ட நேர்சரிகளை நான் அறிவேன். எறியத் தேவையில்லை. ஓட்டை போட்டால் சரி.

இந்தப் பத்து நிமிடத்தில் தேட வேண்டியது, பிள்ளை தன் கண்ணால் கண்டு பிடிக்க முடியாத ஆபத்தை. துருப்பிடித்த ஆணி, ஆடுகிற மூடி, நஞ்சு விதை எல்லாம் அந்த வகை, அவற்றை எடுத்துவிட வேண்டும். கொய்யா மரத்தின் கொப்பு அப்படியல்ல. அது உயரம் என்று பிள்ளைக்கே தெரியும். ஏறலாமா வேண்டாமா என்று அதுவே யோசிக்கும். அந்தச் சவாலை விட்டுவைக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பி மரத்தை வெட்டிவிட்டு ஆணியை விட்டுவைத்த முற்றமும் உண்டு. நான் முன்பு வேலை செய்த இடம் அது.

மூன்றாம் படி: சாமான் சேருங்கள், வாங்காதீர்கள்

பிளாஸ்ரிக் சறுக்கு ஒன்றின் விலைக்கு ஒரு வருடத்துக்கான சாமான் சேர்க்கலாம். சறுக்கில் சறுக்கத்தான் முடியும். பலகை ஒன்று பாலமாகும், கடையாகும், பஸ்ஸின் வாங்காகும், கோபம் வந்தால் எல்லைக்கோடாகவும் ஆகும்.

டென்மார்க்கில் சோரன்சன் என்ற பூங்கா வடிவமைப்பாளர், தான் அமைத்த அழகான விளையாட்டிடங்களைவிடக் கட்டட வேலை நடக்கிற இடத்தில் கிடக்கும் மரத்துண்டும் செங்கல்லும் பிள்ளைகளை இழுப்பதைக் கண்டார். 1943இல், ஜெர்மானியர் பிடியில் நாடு இருந்தபோது, கோபன்ஹேகனின் எம்ட்ரப் பகுதியில் அவருடைய யோசனைப்படி பழஞ்சாமான் விளையாட்டிடம் ஒன்று திறக்கப்பட்டது. 1971இல் சைமன் நிக்கல்சன் இதற்கு ஒரு கோட்பாடே எழுதினார்: ஓரிடத்தில் நகர்த்தவும் மாற்றவும் கூடிய உதிரிப் பொருள்கள் எவ்வளவு கூடுதலோ, அவ்வளவுக்கு அங்கே கண்டுபிடிப்பும் படைப்பும் கூடும் என்று.

எங்களுக்குக் கோபன்ஹேகன் தேவையில்லை. சிரட்டை எல்லா வீட்டிலும் இருக்கிறது. விளிம்பைத் தேய்த்துவிட்டுக் கொடுங்கள். பால்மா டின் (விளிம்பு வெட்டாதது), பெயின்ற் வாளி, பழைய சேலை, தென்னம்பாளை, தச்சுப்பட்டறையில் மிஞ்சிய பலகைத் துண்டு, காலி வீதிக் கடைகளில் கேட்டால் சும்மா தருகிற காட்போட் பெட்டி, வீடு திருத்துகிறவர்களிடம் மிஞ்சிய பீவீசீ குழாய். தண்ணீர் ஒரு வாளி. மண் ஒரு குவியல். கயிறு கொடுத்தால் ரீச்சரின் கண் அதன் மேல் இருக்க வேண்டும். நீளம் குறைத்து வெட்டிக் கொடுங்கள், உயரத்தில் சுருக்குப் போட்டுக் கட்ட விடாதீர்கள். மூன்று வயதுக்குக் குறைந்தவர்கள் இருந்தால், கழிவறைத் தாள் சுருளின் உள்குழாய்க்குள் நுழைகிற எதையும் வெளியே வைக்க வேண்டாம்.

எதைக் கொடுத்தாலும் நிறையக் கொடுங்கள். ஒரு வடிவான லொறி இருந்தால் நாள் முழுக்க வழக்குத் தீர்க்க வேண்டியதுதான். 30 சிரட்டை இருந்தால் யாரும் யாரிடமும் பறிக்க மாட்டார்கள்.

ஒரு பிழை நான் அடிக்கடி செய்தது: சாமானைக் கடை போல அடுக்கி வைப்பது. வடிவாக இருக்கும், படம் எடுத்துப் போடலாம். ஆனால் பிள்ளைகள் அதைக் கலைக்கப் பயப்படுவார்கள். குவியலாகவே விடுங்கள்.

நான்காம் படி: நிற்க இடம் பாருங்கள்

இரண்டு ரீச்சர்மார் இருந்தால் பக்கத்தில் பக்கத்தில் நிற்கக்கூடாது. நின்றால் கதை வரும், கதை வந்தால் கண் போய்விடும். ஒருவர் மரத்தோடு, மற்றவர் தண்ணீரோடு. முதுகு சுவருக்கு, முகம் முற்றத்துக்கு. பிள்ளையோடு பேசக் குந்தினாலும் முகம் முற்றத்துக்குத்தான். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மனத்துக்குள் தலைகளை எண்ணுங்கள். போன் உள்ளே, மேசை லாச்சிக்குள்.

விதிகள் மூன்றுக்கு மேல் வேண்டாம். எங்களுடையவை: கேற்றைத் தொடுவதில்லை, ஆளை நோவப்பண்ணுவதில்லை, கல்லும் தடியும் ஆளை நோக்கிப் போவதில்லை. அவ்வளவுதான். விதி 15 இருந்தால் ரீச்சருக்கே ஞாபகம் இருக்காது.

ஐந்தாம் படி: முதல் பத்து நிமிடம் ஒன்றும் செய்யாதீர்கள், பாருங்கள்

1932இல் மில்ட்ரட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் முன்பள்ளிப் பிள்ளைகள் ஒருவரோடொருவர் எப்படிச் சேர்கிறார்கள் என்று வகைப்படுத்தினார். ஒன்றிலும் சேராமல் அலைவது, தனியாக விளையாடுவது, நின்று பார்ப்பது, பக்கத்தில் பக்கத்தில் அவரவர் பாட்டில் விளையாடுவது, கொடுத்து வாங்கி விளையாடுவது, ஒரே கதையில் சேர்ந்து விளையாடுவது. இதை ஏணிப்படி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஐந்து வயதுக்காரனும் சில நாள் தனியாக மண் கிண்டுவான். நாங்களும் சில நாள் ஆருடனும் கதைக்காமல் இருப்பதில்லையா?

நின்று பார்க்கிற பிள்ளையைத்தான் ரீச்சர்மார் அதிகம் கெடுக்கிறோம். "ஏன் தனிய நிக்கிறீர்? போய் விளையாடும்" என்று முதுகில் தள்ளிவிடுவோம். எங்களிடம் நான்கு வயதுப் பையன் ஒருவர் வந்தார். வந்த நாளிலிருந்து கொய்யா மரத்தடியில் நின்று பார்த்தார். வேறொன்றும் செய்யவில்லை. இரண்டு கிழமை. அம்மா ஒவ்வொரு நாளும் "இண்டைக்காவது விளையாடினவரா ரீச்சர்?" என்று கேட்பார். எனக்கும் கை குறுகுறுத்தது. மூன்றாம் கிழமை ஒரு நாள், சிரட்டையில் சோறு சமைத்துக்கொண்டிருந்த இரண்டு பேரிடம் போய், ஒரு கொய்யா இலையை நீட்டி, "கறிவேப்பிலை" என்றார். அவர்கள் நிமிர்ந்தும் பார்க்காமல் வாங்கிப் போட்டார்கள். அவ்வளவுதான், ஆள் உள்ளே. அவர் அந்த இரண்டு கிழமையும் சும்மா நிற்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தச் சமையலுக்கு என்ன குறைகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

ஆறாம் படி: எப்போது உள்ளே போவது, எப்படி வெளியே வருவது

இந்த இடத்தில்தான் எல்லோருக்கும் தடுமாற்றம். ஆகவே கொஞ்சம் விரிவாக.

அந்தச் சமையலுக்கு அடுத்த நாள் இரண்டு பலகை சேர்ந்து ஒரு பஸ்ஸானது. ஆறு பேர் ஏறி இருந்தார்கள். சிவப்புத் தொப்பிக்காரி கொண்டக்டர். காலி வீதி 100ஆம் இலக்க பஸ்ஸில் கேட்ட மாதிரியே, ஒரு கையால் குழாயைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, "கொட்டுவ, கொட்டுவ, கொட்டுவ" (கோட்டை) என்று சிங்களத்தில் கூவுகிறாள். வீட்டில் தமிழ் மட்டும் பேசுகிற பிள்ளை. நான் சந்தோஷத்தில் கிட்டப்போய்க் கேட்டேன்: "ஆ, பஸ்ஸா? பஸ்ஸுக்கு எத்தினை சில்லு? என்ன நிறம்?" அவள் என்னைப் பார்த்தாள். "நாலு" என்றாள். "சிவப்பு" என்றாள். பிறகு குழாயைக் கீழே போட்டுவிட்டு ஊஞ்சலுக்குப் போய்விட்டாள். மற்ற ஐந்து பேரும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸை நான் பரீட்சை மண்டபமாக்கிவிட்டேன்.

கேள்வி கேட்பது எங்களுக்குத் தொழில் வியாதி. விடை தெரிந்துகொண்டே கேட்கிற கேள்வி விளையாட்டைக் கொல்லும். அதற்குப் பதில் ஓர் இலையைக் காசாக நீட்டி, "வெள்ளவத்தைச் சந்தை ஒண்டு" என்று சொல்லியிருக்கலாம். அவள் மிச்சக் காசு தந்திருப்பாள், அல்லது "மிச்சம் இல்ல, இறங்கேக்க தாறன்" என்றிருப்பாள். எண்ணுதல் அங்கே தானாக வந்திருக்கும். அடுத்த தரிப்பில் நான் இறங்கிவிட வேண்டும். இறங்குவது முக்கியம். ரீச்சர் பஸ்ஸிலேயே இருந்துவிட்டால் சாரதி ரீச்சராகிவிடுவார்.

சுருக்கமாகச் சொன்னால்: கூப்பிட்டால் போங்கள், கொடுத்த பாத்திரத்தை எடுங்கள், சின்னப் பாத்திரமாக எடுங்கள், கதை ஓடத் தொடங்கியதும் நழுவுங்கள். கூப்பிடாவிட்டால், விளையாட்டு ஒரே இடத்தில் தேங்கிக் கலையப்போகிறது என்று தெரிந்தால் மட்டும், ஒன்றும் பேசாமல் பக்கத்தில் ஒரு சாமானை வைத்துவிட்டு வாருங்கள். சமையல் அலுத்துப்போனவர்களுக்குப் பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர். அது போதும்.

சண்டை வந்தால்? மனத்துக்குள் பத்து எண்ணுங்கள். பாதிச் சண்டை ஏழிலேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் கிட்டப்போய்க் குந்துங்கள், தீர்ப்புச் சொல்லாதீர்கள். கண்டதை மட்டும் சொல்லுங்கள்: "உமக்கும் இந்தப் பலகை வேணும். அவருக்கும் வேணும். பலகை ஒண்டுதான் இருக்கு. என்ன செய்வம்?" பிறகு காத்திருங்கள். மௌனம் நீளமாகத் தெரியும், பொறுங்கள். எங்களிடம் ஒருமுறை வந்த தீர்வு: பலகையின் ஒரு முனை எனக்கு, மறு முனை உனக்கு. இரண்டு பேரும் முனையில் இருந்து ஆட, அது ஏறி இறங்கு பலகையாகிவிட்டது. நான் சொல்லியிருந்தால் "ஆளுக்கு ஐந்து நிமிடம்" என்றிருப்பேன்.

உடனே போக வேண்டிய இடங்களும் உண்டு. கடி, கல், கண்ணுக்கு நேரே தடி. ஒரே பிள்ளை ஒவ்வொரு நாளும் அடி வாங்குவது. "நீ எங்கட பாஷை இல்ல, வராத" என்பது. கொழும்பில் ஒரே முற்றத்தில் தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் கலந்துதான் ஓடும், இந்த வார்த்தை எப்போதாவது வரும். அங்கே பத்து எண்ண வேண்டாம். "இந்த முற்றத்தில எல்லாப் பாஷையும் விளையாடலாம்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். சொல்லிவிட்டுத் தள்ளப்பட்ட பிள்ளையின் கையில் ஒரு வேலையைக் கொடுத்து உள்ளே அனுப்புங்கள்: "பஸ்ஸுக்கு டீசல் கொண்டு வந்திருக்கிறார்."

கட்டிப்புரள்வது சண்டையா விளையாட்டா என்று தெரியாவிட்டால் முகத்தைப் பாருங்கள். சிரிக்கிறார்களா? துரத்தினவர் சிறிது நேரத்தில் துரத்தப்படுகிறாரா? விட்டதும் திரும்பி வருகிறாரா? ஆம் என்றால் விடுங்கள். ஒரு முகம் இறுகிப்போயிருந்தால் போங்கள்.

ஏறுவதைப் பற்றி. நோர்வே ஆய்வாளர் எலன் சான்ட்செட்டர் 2007இல் பிள்ளைகள் தேடுகிற துணிச்சல் விளையாட்டுகளை ஆறாகப் பிரித்தார்: உயரம், வேகம், கூரான கருவி, நீரும் நெருப்பும் போன்றவை, கட்டிப்புரளல், கண் பார்வையிலிருந்து மறைந்து போதல். எங்கள் முற்றத்தில் முதல் இரண்டும் ஐந்தாவதும் நாளாந்தம் நடக்கும். ஒரு விதி மட்டும் நான் மாற்றுவதில்லை: பிள்ளையைத் தூக்கி மரத்தில் வைக்க மாட்டேன். தானாக ஏற முடியாத உயரத்திலிருந்து தானாக இறங்கவும் முடியாது. "எனக்கு ஏலாது, தூக்கி விடுங்கோ ரீச்சர்" என்று அழுதாலும் சரி. பக்கத்தில் நிற்பேன், கை நீட்ட மாட்டேன்.

"கவனம், கவனம்" என்று சொல்வதில் பயனில்லை. எதைக் கவனிப்பது என்று அந்தச் சொல்லில் இல்லை. பயம் மட்டும் தொற்றும். "அந்தக் கொப்பு ஆடுது, பார்த்தீரா?" "மற்றக் காலை எங்க வைக்கப் போறீர்?" என்று கேளுங்கள். இது விடை தெரிந்த கேள்வி அல்ல. பிள்ளையின் கண்ணைக் காலுக்குக் கொண்டுபோகிற கேள்வி.

ஏழாம் படி: விழுந்தால்

விழுவார்கள். முழங்கால் சிராய்ப்புக்கு ஓடிப்போய் அள்ளித் தூக்காதீர்கள். நடந்து போங்கள், பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் அழுவதா என்று தீர்மானிக்கும். ஓடும் தண்ணீரில் கழுவி, பிளாஸ்டர் வேண்டுமா என்று கேளுங்கள். தலை அடிபட்டால் கதை வேறு. நினைவு தப்புதல், திரும்பத் திரும்ப வாந்தி, வழக்கமில்லாத தூக்கம், வலிப்பு, காது மூக்கில் இரத்தமோ தெளிந்த நீரோ வருதல், இவற்றில் ஒன்று இருந்தாலும் 1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசில்லை. பெற்றோருக்கும் அதே நிமிடம்.

சின்னக் காயமானாலும் பெற்றோர் கண்டுபிடிக்கும் முன் நாங்கள் சொல்லிவிட வேண்டும். ஒருமுறை நெற்றியில் சின்ன வீக்கம், பதினொன்றரைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். அன்று அப்பம்மா வந்து ஓட்டோவில் ஏற்றிப் போய்விட்டார். பின்னேரம் அம்மாவின் அழைப்பு. காயம் பெரிதல்ல, ஒளித்துவிட்டேன் என்ற எண்ணம்தான் பெரிது. அந்த நம்பிக்கையைத் திரும்ப எடுக்க ஒரு தவணை முழுக்கப் போனது. இப்போது கேற்றடியில் ஒரு கொப்பி தொங்குகிறது. நேரம், இடம், நடந்தது, செய்தது. நாலு வரி.

மழையும் வெயிலும், முற்றமே இல்லாதவர்களும்

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. தூறலுக்கு உள்ளே ஓடினால் வருடத்தில் பாதி நாள் உள்ளேதான். மாற்று உடுப்பும் துவாயும் இருந்தால் தூறலில் விளையாட விடலாம். இடி கேட்டால் உடனே உள்ளே, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் வெளியே இல்லை. ஒழுங்கையில் வெள்ளம் நின்ற பிறகு அந்தத் தண்ணீரில் மட்டும் கால் வைக்க விடாதீர்கள், எலிக்காய்ச்சல் வரும். வெயில் நாளில் அரை மணிக்கு ஒருமுறை போத்தலைத் தேடிக் குடிக்கச் சொல்லுங்கள். தாகம் வந்ததே பிள்ளைக்குத் தெரியாது.

மாடியில் நேர்சரி நடத்துகிறவர்கள் கிழமைக்கு ஒருமுறையாவது வெளியே கொண்டுபோகப் பாருங்கள். விகாரமகாதேவி பூங்காவில் நிழல் உண்டு. காலிமுகத்திடலில் காற்றும் பட்டமும் உண்டு, நிழல் இல்லை, ஆகவே காலையில் போங்கள். வெள்ளவத்தைக் கடற்கரை கிட்டத்தான், ஆனால் மெரின் டிரைவுக்கும் கடலுக்கும் நடுவில் ரயில் பாதை. பிள்ளைகளுக்கு இணையாகப் பெரியவர்கள் இல்லாமல் அங்கே போக வேண்டாம். பூங்காவுக்குப் போனாலும் இரண்டு வாளி சாமானைக் கொண்டுபோங்கள்.

எட்டாம் படி: முடிப்பதும் எழுதுவதும்

திடீரென்று மணி அடிக்காதீர்கள். ஐந்து நிமிடம் முன்பே ஒவ்வொரு கூட்டத்துக்கும் போய், அவர்களுடைய கதைக்குள்ளேயே சொல்லுங்கள்: "இது கடைசி பஸ், இதுக்குப் பிறகு டிப்போ." அடுக்குவதையும் அவர்களே செய்யட்டும். நேரம் எடுக்கும், எடுக்கட்டும்.

அவர்கள் கை கழுவும்போது நீங்கள் மூன்று வரி எழுதுங்கள். "கெட்டிக்காரி, நல்லாய் விளையாடினாள்" என்று எழுதினால் அதில் ஒன்றும் இல்லை. "சி.தொ. (சிவப்புத் தொப்பிக்காரி) இன்று மிச்சக் காசு இல்லை என்று சொல்லி இரண்டு பேருக்குக் கடன் வைத்தாள். பிறகு ஞாபகமாகக் கேட்டு வாங்கினாள்." இப்படி எழுதினால் பிள்ளை தெரியும். நாளை என்ன சாமான் வைப்பது என்பதும் தெரியும். மறுநாள் நான் வைத்தது பழைய பஸ் ரிக்கெற் ஒரு கட்டு.

ஒன்பதாம் படி: பெற்றோர்

"உடுப்பெல்லாம் ஊத்தை ரீச்சர். எப்ப எழுதப் படிப்பிப்பீங்கள்?" கொழும்பில் தரம் 1 அனுமதி என்றால் சும்மாவா? வீட்டுக்கும் பாடசாலைக்கும் எத்தனை மீற்றர் என்று அளந்துகொண்டிருக்கிற அம்மா அப்பாவிடம் போய் விளையாட்டின் மகிமையைப் பேசினால் எடுபடாது. அவர்கள் கவலைப்படுகிற இடத்திலிருந்தே பேசுங்கள். பென்சிலைப் பிடிப்பது விரல் என்றாலும் விரலைத் தாங்குவது தோள். தொங்கி, ஏறி, வாளி தூக்கின தோள் எழுதும்போது சீக்கிரம் களைக்காது. கண்ணாடி பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு இன்னொன்று: சீனாவின் குவாங்சோ நகரில் 6, 7 வயதுப் பிள்ளைகளுக்குப் பாடசாலை நாளில் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டுப் பார்த்தார்கள். 2015இல் வெளிவந்த முடிவின்படி, மூன்று வருடத்தில் கிட்டப்பார்வை வந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் 30.4 சதவீதம், மற்றக் கூட்டத்தில் 39.5.

உடுப்புக்கு வழி எளிது. பழைய ரீசேட் ஒன்று பையில். வெள்ளைச் சொக்ஸைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்கால்.

பெற்றோர் கூட்டத்தில் ஒரு தடவை நான் விளக்கம் ஒன்றும் சொல்லாமல், "நீங்கள் சின்னனில எங்க விளையாடினீங்கள், ஆர் பார்த்துக்கொண்டு நிண்டது?" என்று மட்டும் கேட்டேன். கிளித்தட்டு, கிட்டிப்புள், கொக்கான், எட்டுக்கோடு என்று கூட்டம் அரை மணி நேரம் நீண்டுவிட்டது. ஒருவரும் "ரீச்சர்" என்று சொல்லவில்லை. ஓர் அம்மம்மா மறுநாளே ஒரு சொப்பிங் பை நிறையச் சிரட்டை கொண்டுவந்தார், விளிம்பு தேய்த்து, எண்ணெய் பூசி.

வெள்ளிக்கிழமை எல்லாச் சிரட்டையையும் கழுவி, எண்ணி, கவிழ்த்து வைப்போம். அது டெங்குக்காக. போன வெள்ளி 34 இருந்தது. திங்கட்கிழமை 31. இரண்டைக் கொய்யா மரத்தடி மண்ணுக்குள்ளிருந்து கிண்டி எடுத்தோம். மற்றது கறிவேப்பிலைக்காரரின் பைக்குள், வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்திருந்தது. உள்ளே கொஞ்சம் சோறு.